பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள்: அக்கசாலைக் குறியைக் கொண்டு சேகரிக்க மூன்று வழிகள்

கி.பி. நான்காம் நூற்றாண்டின் ரோமானியச் செப்புக் காசுகளைச் சேர்க்கத் தொடங்குபவர் பெரும்பாலும் பேரரசர்களின் முகங்களை வைத்தே தொடங்குகிறார். பத்துப் பதினைந்து காசுகள் சேர்ந்ததும் அதில் சலிப்புத் தட்டிவிடும். கான்ஸ்டன்டைனும் அவர் மக்களும் காசுகளில் ஏறத்தாழ ஒரே முகத்துடன் இருக்கிறார்கள். பின்புறப் படங்களும் சிலவே. அந்தக் கட்டத்தில்தான் காசின் அடியிலுள்ள சிறிய எழுத்துகள், அதாவது காசு எந்த நகரின் அக்கசாலையில் (காசு அடிக்கும் இடத்தில்), அதற்குள் எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் அக்கசாலைக் குறி, கவனத்துக்கு வருகிறது. அந்தக் குறியை அடிப்படையாகக் கொண்டு ஒரு தொகுப்பை அமைக்க மூன்று வழிகள் உள்ளன: ஒவ்வொரு அக்கசாலைக்கும் ஒரு காசு என்று சேர்ப்பது, ஒரே அக்கசாலையை ஆழமாகச் சேர்ப்பது, ஒரே படவகையை எல்லா அக்கசாலைகளிலிருந்தும் சேர்ப்பது. மூன்றும் ஒரே அளவு பணத்தையோ ஒரே அளவு பொறுமையையோ கேட்பவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, காசில் எவ்வளவு தெளிவு வேண்டும் என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன.

முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்வது நல்லது. ரோமானியக் காசுகள் எல்லாவற்றிலும் இந்தக் குறி இல்லை. கோவை வட்டாரத்துப் புதையல்களில் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் மிகுதியாக வரும் வகைகள் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடிக்கப்பட்டவை என்று கருதப்படுகின்றன; ஆனால் அந்நகரின் பெயர் அவற்றில் எங்கும் இல்லை, பாணியையும் கிடைத்த இடங்களையும் கொண்டே அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 248-இல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்காக முதலாம் பிலிப் வெளியிட்ட காசுகளில் பட்டறை எண்கள் தென்படுகின்றன. கேலியனஸ் காலத்திலும் பட்டறை எழுத்துகள் உண்டு. 294-ஐ ஒட்டி டயோக்ளீஷியன் நாணய முறையைத் திருத்தியமைத்த பிறகுதான் நகரமும் பட்டறையும் சேர்ந்த குறி பேரரசு முழுவதும் வழக்கமானது. ஆகவே இந்த ஒப்பீடு அதற்குப் பிந்திய காசுகளுக்கு, குறிப்பாகக் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் காலத்துக்கு, மட்டுமே பொருந்தும்.

குறியைப் படிக்கும் முறை கடினமானதன்று. நம் ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே வைரவடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமில்லையென்றால் கொல்கத்தா என்று பார்ப்பதைப் போன்றதே இதுவும். ரோமானியர்கள் அடையாளத்துக்குப் பதிலாக எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள், அவற்றோடு அடையாளங்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். காசின் பின்புறத்தில் உருவங்கள் நிற்கும் தரைக்கோட்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே பொதுவாக மூன்று கூறுகள் இருக்கும். முன்னால் ‘புனித நாணயம்’ என்ற இலத்தீன் தொடரின் சுருக்கமாக எஸ்.எம். என்ற எழுத்துகள் வரலாம், வராமலும் போகலாம். அடுத்து நகரின் பெயர்ச் சுருக்கம்: ஏ.என்.டி. என்றால் அந்தியோக்கியா, எஸ்.ஐ.எஸ். என்றால் இன்றைய குரோயேஷியாவில் சிசாக் என்று அழைக்கப்படும் சிஸ்கியா, டி.ஆர். என்றால் ஜெர்மனியின் டிரியர். மூன்றாவது பட்டறையின் எழுத்து. மேற்கு நகரங்களில் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் என்பதற்கான இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளான பி, எஸ், டி, க்யூ வரும். கிழக்கில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகள் எண்களாக வரும். அந்தியோக்கியாவின் ஒன்பதாம் பட்டறை மட்டும் ஒன்பதுக்கு உரிய தீட்டாவைத் தவிர்த்து, நான்கும் ஐந்தும் சேர்ந்ததாக டெல்டாவையும் எப்சிலானையும் பொறித்தது. தீட்டா சாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து என்பதால் அபசகுனமாகக் கருதப்பட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இந்த எழுத்துகளோடு புள்ளி, நட்சத்திரம், பிறை, மாலை, மரக்கிளை போன்றவை சேர்ந்து, ஒரே பட்டறையின் ஒரு வெளியீட்டை அடுத்த வெளியீட்டிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

கிழக்கு, மேற்கு என்ற விதியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சிஸ்கியா தன் கிரேக்கப் பட்டறை எழுத்தை நகரப் பெயருக்கு முன்னால் வைத்தது. பதினேழு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு காசில் இரண்டு வீரர்களின் பாதங்களுக்குக் கீழே ஏ, எஸ், ஐ, எஸ் என்ற நான்கு எழுத்துகள் தெரிந்தால், முதலில் நிற்பது ஆல்ஃபா, அதாவது முதல் பட்டறை. கடைசி எஸ் நகரப் பெயரின் பகுதியே தவிர இரண்டாம் பட்டறையின் எழுத்தன்று. அச்சின் இடது ஓரம் காசுக்கு வெளியே விழுந்திருந்தால் எஸ்.ஐ.எஸ். மட்டும் மிஞ்சும். அப்போது நகரம் தெரியும், பட்டறை தெரியாது. இந்தச் சிறிய வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று வழிகளுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

முதல் வழி நகரத்துக்கு ஒன்று என்பது. கேட்பதற்கு மூன்றிலும் கவர்ச்சியானது இதுதான். பிரிட்டனின் லண்டனிலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியா வரை ஒரு பேரரசின் பரப்பே ஒரு தட்டில் அடங்கிவிடும். படம் எதுவானாலும் பேரரசர் யாரானாலும் கவலையில்லை, நகரம் தெரிந்தால் போதும் என்பதால் தொடக்கத்தில் வேகமாக முன்னேறலாம். சிஸ்கியா, தெசலோனிக்கா, அந்தியோக்கியா போன்றவை விரைவில் கையில் வந்துவிடும். அதன் பிறகு வேகம் நின்றுவிடும். ரோம் அருகிலுள்ள ஆஸ்டியாவில் அக்கசாலை இயங்கியது ரோமை ஆண்ட மாக்ஸென்டியஸ் காலத்துச் சில ஆண்டுகள் மட்டுமே. 313-இல் அது மூடப்பட்டது, அதை ஒட்டியே தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரில் புதிய அக்கசாலை திறக்கப்பட்டது. இன்றைய பல்கேரியத் தலைநகரான சோபியா இருக்குமிடத்தில் இருந்த செர்டிகாவும் குறுகிய காலமே அடித்தது. வட பிரான்சின் ஆமியானில் 350-க்கும் 353-க்கும் இடையே கலகக்காரன் மக்னென்டியஸ் தொடங்கிய அக்கசாலையின் கதையும் அப்படியே. கலகக்காரன் கராஸியஸ் தொடங்கிய லண்டன் அக்கசாலை 325-இல் மூடப்பட்டது, பி.எல்.என்., பி.எல்.ஓ.என். என்ற குறியுள்ள காசுகளுக்குப் பிரிட்டனிலேயே போட்டி அதிகம் என்பதால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இந்த வழியின் குறை விலை மட்டுமன்று. எல்லா அக்கசாலைகளும் ஒருசேர இயங்கிய காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கார்த்தேஜ் நான்காம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளைத் தாண்டவில்லை. லண்டன் மூடப்பட்ட பிறகே, 326-இல், கான்ஸ்டான்டினோபிள் அடிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் இத்தாலியின் டிசினமும் செர்பியப் பகுதியின் சிர்மியமும் மூடப்பட்டன. சிர்மியம் நடுநூற்றாண்டில் மீண்டும் திறந்தது. எனவே நகரத் தொகுப்பில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு காசுகள் எடையிலும் அளவிலும் காலத்திலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருக்கும். ஒரு காசிலிருந்து கற்றதை அடுத்த காசுக்குக் கொண்டுபோக முடியாது. குறியைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கமானால் இது ஒரு சுற்றுலாவாகவே நின்றுவிடும் என்பது என் கருத்து.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிரானது. ஒரே ஒரு அக்கசாலையை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வெளியீட்டையும், ஒவ்வொரு பட்டறையையும், புள்ளி நட்சத்திர வேறுபாடுகளையும் சேர்ப்பது. வரலாற்றை அறிவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆர்ல் நகரை மட்டும் பாருங்கள். 313 முதல் அதன் குறி நகரின் பழைய பெயரான அரெலாட்டேயைச் சுருக்கி ஏ.ஆர்.எல். என்று வருகிறது. 328-ஐ ஒட்டி நகருக்குக் கான்ஸ்டன்டினா என்று புதுப்பெயர் சூட்டப்பட்டதும் குறி சி.ஓ.என்.எஸ்.டி. என்று மாறுகிறது. 340-இல் இரண்டாம் கான்ஸ்டன்டைன் தன் தம்பி கான்ஸ்டன்ஸின் நிலப்பகுதிக்குள் படையெடுத்து அக்விலேயா அருகே கொல்லப்பட்டான். அதன்பின் அவன் பகுதி கான்ஸ்டன்ஸின் கைக்குப் போனதும் காசில் பழைய ஏ.ஆர்.எல். திரும்பிவிடுகிறது. 353-இல் மக்னென்டியஸை வீழ்த்திய, அவர்களின் இன்னொரு சகோதரனான இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் மேற்கைக் கைப்பற்றியபோது கான்ஸ்டன்டினா மறுபடியும் வருகிறது. ஒரு குடும்பச் சண்டையின் போக்கை வரலாற்று நூலைத் திறக்காமலேயே நான்கு காசுகளின் அடியெழுத்துகளில் பின்தொடர முடிகிறது. இத்தகைய இன்பத்தை நகரத் தொகுப்பு ஒருபோதும் தராது.

ஓர் அக்கசாலைக்குள் ஒளித்து வைக்கப்பட்ட விளையாட்டுகளும் இவ்வழியில்தான் அகப்படும். சற்று முந்திய காலத்ததானாலும் ஓர் எடுத்துக்காட்டு: மூன்றாம் நூற்றாண்டுப் பேரரசர் புரோபஸ் காலத்து டிசினம் காசுகளில், ஆறு பட்டறைகளுக்கும் ஆளுக்கோர் எழுத்தாக ஒரே சொல்லைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்; ஆறு காசுகளையும் வரிசைப்படுத்தினால்தான் ‘ஈக்விட்டி’ என்ற சொல் முழுமையாகும். ஒரு காசை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த எழுத்து ஏன் அங்கே நிற்கிறது என்பதே விளங்காது.

ஆனால் இந்த வழி கேட்கும் தெளிவு மிக அதிகம். புள்ளி இருக்கிறதா, நட்சத்திரம் தேய்ந்து புள்ளியாகிவிட்டதா, மாலைக்குள் ஏதேனும் குறி உண்டா என்பதெல்லாம் வெளியீட்டையே மாற்றிவிடும். களிம்பு படர்ந்த, விளிம்பு வெட்டுப்பட்ட காசு இத்தொகுப்பில் இடம்பெறத் தகுதியற்றது. ஆகவே ஒவ்வொரு காசையும் நல்ல நிலையில், தேர்ந்த விற்பனையாளரிடமிருந்து, பின்புறத்தின் தெளிவான படத்தைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கும். ரோமானியப் பேரரசு நாணயங்களின் பெரும் அட்டவணையான ஆர்.ஐ.சி.யை விரல் நுனியில் வைத்திருக்கவும் வேண்டும். அதன் ஆறாம் தொகுதி முதல், அதாவது 294-க்குப் பிந்திய காசுகளுக்கு, அட்டவணை பேரரசர் வரிசையில் அல்லாமல் அக்கசாலை வரிசையில் அமைந்திருக்கிறது. குறியைப் படிக்காமல் காசின் எண்ணைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதற்கு இதுவே காரணம். அமெரிக்க நாணயவியல் சங்கம் அந்த அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி அமைத்திருப்பது நம்மைப் போன்ற தூரதேசத்துச் சேகரிப்பாளர்களுக்குப் பெரிய உதவி. இருந்தாலும் முதல் நாளிலேயே இதில் இறங்குபவருக்கு, மாதக்கணக்கில் ஒரே நகரின் ஒரே மாதிரியான காசுகளைப் பார்க்கும் ஆர்வம் நீடிக்குமா என்பது ஐயமே.

மூன்றாவது வழியில் படத்தை மாறாமல் வைத்துக்கொண்டு குறியை மட்டும் மாறவிடுகிறோம். இதற்கு மிகவும் பொருத்தமான படவகை ‘குளோரியா எக்சர்சிட்டஸ்’, அதாவது ‘படையின் புகழ்’ என்ற வாசகமுள்ளது. 330-இல் தொடங்கிய இக்காசில் இரண்டு வீரர்கள் ஈட்டியோடு எதிரெதிராக நிற்க, நடுவில் இரண்டு படைக்கொடிகள் நிற்கின்றன. 335-ஐ ஒட்டி காசின் எடை குறைக்கப்பட்டபோது இரண்டு கொடிகள் ஒன்றாகக் குறைந்தன. டிரியர், லியோன், ஆர்ல், ரோம், அக்விலேயா, சிஸ்கியா, தெசலோனிக்கா, ஹெராக்லியா, கான்ஸ்டான்டினோபிள், நிக்கோமீடியா, சைசிகஸ், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா என்று பதின்மூன்று அக்கசாலைகள் இதே படத்தை அடித்தன. லண்டன், ஆஸ்டியா போன்ற அரியவை இந்தப் பட்டியலில் இல்லை என்பதே தொடங்குபவருக்கு ஒரு வசதி. தொகுப்பை முடிக்க முடியும். காலமும் ஒரு பத்தாண்டுக்குள் அடங்கிவிடுவதால், எழுத்தின் பாணி வேறுபட்டால் அதற்குக் காரணம் நகரம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

குறியில் ஒன்றுக்கொன்று மயங்கும் இடங்களும் இந்த வழியில்தான் தெளிவாகக் கண்ணில் படும். எல்லாவற்றிலும் பெயர்போனது கான்ஸ்டான்டினோபிளுக்கும் ஆர்லுக்கும் இடையேயான மயக்கம். கான்ஸ்டான்டினோபிள் சி.ஓ.என்.எஸ். என்று பொறித்து அதன் பின்னால் பட்டறை எழுத்தை வைத்தது. அதன் மூன்றாம் பட்டறையின் எழுத்து காமா. தேய்ந்த காசில் காமாவின் ஒற்றைக் கை இருபுறமும் நீண்டதுபோல் தெரிந்தால் அது டி போலத் தோன்றும், அப்போது முழுக் குறியும் ஆர்லின் சி.ஓ.என்.எஸ்.டி.யாகிவிடும். ஆர்ல் தன் பட்டறை எழுத்தை முன்னால் வைத்தது என்பதே இதற்கான தீர்வு. சி எழுத்துக்கு முன்பு பி அல்லது எஸ் நின்றால் ஆர்ல். சி எழுத்தே முதலில் நின்று அதற்கு முன் வெற்றிடம் தெளிவாக இருந்தால் கான்ஸ்டான்டினோபிள். இடது பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் கொடிகளுக்கு நடுவே பாருங்கள். மாலை, மரக்கிளை போன்ற சிறு குறிகளை அவ்விடத்தில் வைப்பது ஆர்லின் வழக்கம். இரண்டு காசுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் இதை மறுபடி தவறவிட மாட்டார். வெவ்வேறு படங்கள் கொண்ட நகரத் தொகுப்பில் இப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பே வராது.

எஸ்.எம். என்று தொடங்கும் கிழக்கு நகரங்களின் வரிசையும் இதே போன்றதுதான். அடுத்து என் வந்தால் நிக்கோமீடியா, கே வந்தால் சைசிகஸ், ஹெச் வந்தால் ஹெராக்லியா, ஏ.என். வந்தால் அந்தியோக்கியா, ஏ.எல். வந்தால் அலெக்சாந்திரியா. இவற்றில் என், ஹெச் இரண்டும் தேய்ந்தால் குறுக்குக்கோடு சாய்ந்ததா நேரா என்பது ஒன்றே வித்தியாசம். விளக்கைக் காசின் பக்கவாட்டில் தாழ வைத்து, காசை மெல்லத் திருப்பினால் நிழலில் அந்தக் கோடு எழுந்து நிற்கும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் அது தெரியாது.

இந்த வழிக்கும் குறையுண்டு. பதின்மூன்று காசுகளும் தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டினால் மூன்றாவது காசிலேயே கவனம் சிதறிவிடும். பணக்கார ஏல அட்டவணைகளில் இந்த வகை அரிதாகவே தனித்து இடம்பெறுகிறது. தங்கக் காசுகளின் குறிகளைப் பற்றி இது எதையும் சொல்லித் தராது. சாலிடஸ் எனும் தங்கக் காசில் வரும் ஓ.பி. என்ற எழுத்துகள் புடமிட்ட தங்கத்தைக் குறிப்பவை. கிரேக்க எண்ணாகப் படித்தால் அதே எழுத்துகள் 72 என்றும் பொருள்படும், ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்தில் 72 சாலிடஸ் அடிக்கப்பட்டன என்பதோடு அது பொருந்தி நிற்கிறது. இது ஒரு தனி உலகம், செலவும் தனி.

தெளிவு என்ற அளவுகோலுக்கு வருவோம். முதல், மூன்றாம் வழிகளில் நகரம் தெரிந்தால் போதும். இடது விளிம்பு போய் எஸ்.ஐ.எஸ். மட்டும் மிஞ்சிய அந்தச் சிஸ்கியா காசு இரண்டிலும் இடம்பெறும். இரண்டாம் வழியில் அதே காசு கழிக்கப்படும். ஆகவே மலிவாகக் கிடைக்கும், ஓரளவு தேய்ந்த காசுகளே கைக்கெட்டுபவை என்றால் இரண்டாம் வழியைத் தள்ளிவைக்க வேண்டும். சுத்தம் செய்யாத காசுகளை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று சொல்வோர் உண்டு. காசின் தகடு அச்சைவிடச் சிறியதாக இருந்ததால் ஓரத்திலுள்ள அடியெழுத்துகளே முதலில் வெட்டுப்படுகின்றன. அப்படி வாங்கிய மூட்டையில் முகமும் வீரர்களும் தெளிவாகத் தெரிந்து குறி மட்டும் இல்லாத காசுகள் குவிந்துவிடும். குறியை நம்பித் தொகுக்க விரும்புபவர் குறி தெரியும் படத்தைக் கேட்டு, ஒவ்வொன்றாக வாங்குவதே சரி.

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இன்னும் மிகுதியாகக் கிடைத்துள்ளன. நம் மண்ணிலேயே இருக்கும்போது ஏன் வெளிநாட்டில் வாங்க வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. ஆனால் அவை நெடுங்காலம் புழங்கித் தேய்ந்தவை. குறி படிக்கக் கிடைப்பது அரிது. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்த போலிகளும் உண்டு, அவற்றில் அடியெழுத்துகள் வெறும் கோடுகளாக நின்றுவிடுகின்றன. மேலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணிலிருந்து கிடைத்ததை அறிவிக்கும் கடமை கண்டெடுத்தவருக்கு உண்டு என்பதால், ஆற்றில் எடுத்தது என்று சொல்லி விற்கப்படும் காசைத் தொடாமலிருப்பதே நல்லது. அவை வணிக வரலாற்றுக்கு விலைமதிப்பற்ற சான்றுகள். அக்கசாலைத் தொகுப்புக்கு உதவாதவை.

என் பரிந்துரை இதுதான்: மூன்றாம் வழியில் தொடங்குங்கள், அதிலும் இரண்டு கொடி நிற்கும் 330–335 காலத்துக் காசுகளை முதலில் எடுங்கள், ஏனெனில் அவை பிந்தியவற்றைவிடச் சற்றுப் பெரியவை, எழுத்துகளும் அதற்கேற்பப் பெரியவை. சிஸ்கியா, தெசலோனிக்கா, அந்தியோக்கியா என்று எளிதில் கிடைப்பவற்றில் தொடங்கி, ஆர்லையும் கான்ஸ்டான்டினோபிளையும் ஒன்றாக வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பதின்மூன்றில் பாதி சேர்வதற்குள் எந்த நகரின் எழுத்துப் பாணி உங்களை ஈர்க்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். அப்போது அந்த நகரில் இரண்டாம் வழிக்கு மாறலாம், ஏற்கனவே வாங்கிய காசு அங்கேயும் பயன்படும். லண்டன் காசு வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு இருந்தால் அதைத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். அதற்காக ஒரு தொகுப்பையே வளைக்க வேண்டியதில்லை.